“மருமக என்ன டாக்டர்?”

கேள்வி: குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தைகள் என்று வார்டு மாற்றி வார்டு போகிறேன், எங்கே போனாலும் விருந்தாளிதான். ரவுண்ட்ஸில் கேள்வி என் பக்கம் வந்தால் ‘ஃபேமிலி மெடிசின்தானே, விடு’ என்று அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். நைட் டியூட்டிக்கு ஆள் குறைந்தால் மட்டும் என் பெயர் நினைவுக்கு வருகிறது. சொந்தக்காரர்கள் ‘குடும்ப மருத்துவம்னா குடும்பக் கட்டுப்பாடா?’ என்று கேட்கிறார்கள். என் மாமியார் கல்யாண வீடுகளில் ‘மருமக டாக்டர், இன்னும் மேல படிக்கிறா’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். கூடப் படித்தவர்கள் ரேடியாலஜி, டெர்மா என்று செட்டில் ஆகிவிட்டார்கள். எனக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது. போன மாதம் டிஸ்சார்ஜ் ஆன ஒரு தாத்தாவுக்கு வீட்டில் சர்க்கரை 350-க்குக் கீழே இறங்கவில்லை என்று அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். சிரிஞ்ச் மூடி என்ன கலர் என்று கேட்டேன், ஆரஞ்சு என்றார், மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது. இந்த மாதிரி வேலைக்கு மூன்று வருடப் படிப்பு எதற்கு என்றும் தோன்றுகிறது. நான் யார், டாக்டர்? வேறு துறைக்கு மறுபடி நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்புதான் வந்தது, மன்னிக்கணும், அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு விஷயத்துக்காக. நான் இந்த ஊரில் கிளினிக் திறந்தபோது பெயிண்டர் தன் சொந்தப் புத்தியில் ‘குடும்ப நல மருத்துவர்’ என்று போர்டு எழுதிவைத்துவிட்டார். முதல் மாதத்திலேயே காப்பர்-டி போட்டுக்கொள்ள மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ‘குடும்ப நலம்’ என்ற சொல்லை அரசாங்கம் பல வருடங்களாக அந்த ஒரு வேலைக்கே எழுதிவைத்துவிட்டது. ‘நல’வை மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்தேன். வெயில் அடித்தால் இன்றைக்கும் அது லேசாகத் தெரியும்.

இரண்டாவது தடவை படித்தபோது அந்த ஆரஞ்சு மூடியில் நின்றுவிட்டேன். ‘நான் யார்’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, அதற்கான பதிலை நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் அலுத்துக்கொண்டு எழுதித் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மருந்துக் கடையில் ‘இன்சுலின் ஊசி குடுங்க’ என்று கேட்டால் எது கைக்கு அகப்படுகிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தாத்தாவுக்கு 20 யூனிட் என்று எழுதியிருந்தால், மகள் ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரைக்கும் சரியாகத்தான் இழுத்திருப்பார், ஆனால் உள்ளே போனது 8 யூனிட். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஊசியைத் தவறவிடவில்லை, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. இது தெரியாமல் யாராவது இன்சுலின் அளவை இரட்டிப்பாக்கியிருந்தால், அப்புறம் ஒருநாள் கடைக்காரர் சிவப்பு மூடியைக் கொடுத்தால், அன்று ராத்திரி சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, தாத்தா எழுந்திருக்க மாட்டார். மூடி என்ன கலர் என்று கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றியது? மெடிசின் வார்டில் சொல்லிக்கொடுத்தார்களா? வார்டில் நர்ஸ்தான் ஊசி போடுவார், சிரிஞ்ச் ஸ்டோரிலிருந்து வந்துவிடும், அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. வீட்டில், கடையில், மகளின் கையில் என்ன நடக்கிறது என்று உங்கள் புத்தி தானாகப் போய்ப் பார்த்திருக்கிறது. அதோடு, டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் மகளிடம் உங்கள் நம்பர் இருந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம் என்ற தைரியமும் இருந்திருக்கிறது. அதை நீங்கள்தானே கொடுத்தீர்கள்?

சரி, அப்படியென்றால் ஏன் விருந்தாளி மாதிரி இருக்கிறது? உங்கள் குறையால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1957-லேயே எழுதிவிட்டார்: அறிவும் கைத்திறனும் கொடுப்பதோடு மருத்துவக் கல்வியின் வேலை முடிவதில்லை, மருத்துவராக யோசிக்கவும் நடந்துகொள்ளவும் உணரவும் ஒருவரைப் பழக்குவதும் அதன் வேலைதான். அந்தப் பழக்கம் எப்படி வருகிறது? பக்கத்தில் நிற்கிற சீனியரைப் பார்த்துத்தான். சர்ஜரி படிக்கிற பையன் மூன்று வருடமும் சர்ஜன்களோடு நிற்கிறான், அவர்கள் கை கழுவுகிற மாதிரி கழுவுகிறான், அவர்கள் கோபப்படுகிற மாதிரி கோபப்படுகிறான் (அதைக் கற்றுக்கொள்ள மூன்று மாதமே போதும்). கடைசி வருடம் அவனை யாரும் ‘நீ யார்’ என்று கேட்க வேண்டியதில்லை. நீங்களோ மூன்று வருடத்தில் முக்கால்வாசி நாள் மற்றவர்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் அவர்கள் பழக்கம் அவர்களுடையது. ஒரு குடும்ப மருத்துவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று எத்தனை மணி நேரம் பார்த்திருக்கிறீர்கள்? கடிதத்தில் அப்படி ஒரு ஆளே வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. 1961-இல் கெர் ஒயிட் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். 5 பேர் வேறொரு டாக்டருக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரே ஒருவர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறார். அமெரிக்கா, பிரிட்டன் கணக்குதான், நம் ஊருக்கு எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் கதை ஒன்றுதான். அந்த ஒரே ஒருவரை வைத்துத்தான் உங்களுக்கும் எனக்கும் ஐந்தரை வருடம் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே நின்று பார்த்தால் மற்ற 249 பேரைப் பார்க்கிற டாக்டர், பெரிய வேலை கிடைக்காமல் போன ஆள் மாதிரிதான் தெரிவார்.

பெரிய மனிதர்களுக்கே அப்படித் தெரிந்திருக்கிறது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸின் தலைவராக இருந்த லார்டு மோரன், 1958-இல் ஒரு அரசு விசாரணைக் குழு முன்னால், ஸ்பெஷலிஸ்ட் ஆவதை ஓர் ஏணி மாதிரிச் சொல்லி, ஜி.பி.க்களை, அதாவது எல்லா வியாதிக்கும் ஜனங்கள் முதலில் போய்ப் பார்க்கிற நம்மைப் போன்ற டாக்டர்களை, அதிலிருந்து விழுந்தவர்கள் கணக்கில் சேர்த்துப் பேசினார். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1952-இல், அங்கே ஜி.பி.க்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரி ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1969-இல்தான் குடும்ப மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டது, இருபதாவதாக. ஆக, உங்களிடம் ‘விடு’ என்று சொல்கிற அந்த கன்சல்டன்ட் புதிதாக எதுவும் சொல்லவில்லை. பழைய சரக்கு.

இப்போது அந்த ‘கொஞ்சம் கொஞ்சம்’ விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களை உள்ளே அரிக்கிறது என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி மஞ்சப்பையோடு வந்தார். வயது 68 இருக்கும். ‘எல்லா டாக்டரும் நல்ல டாக்டர்தான் தம்பி, ஆனா சாப்பாட்டை விட மாத்திரை ஜாஸ்தியா இருக்கு’ என்றார். பையை மேஜை மேல் கவிழ்த்து, எந்தெந்த மாத்திரை எப்போது வந்தது என்று தேதிவாரியாக அடுக்கினேன். முதலில் பிரஷருக்கு அம்லோடிபின். இரண்டு மாதத்தில் கால் வீங்கியது, அது அந்த மாத்திரையாலேயே வருகிற வீக்கம். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார், வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீர் மாத்திரையால் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. கொல்லைப்புறம் போகிற படியில் சறுக்கி விழுந்தார். முட்டி டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி மாத்திரையால் வயிறு எரிந்தது. அதற்கு இரண்டு இடத்தில், இரண்டு கம்பெனி பெயரில், ஒரே கேஸ் மாத்திரை. ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அவரவர் தன் முன்னால் வந்த துண்டுக்குச் சரியான மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரையை அன்றே நிறுத்தினேன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், பிரஷர் மாத்திரையை மாற்றினேன். மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. இதில் எந்தத் துறையின் ‘கொஞ்சம்’ என்னிடம் இருந்தது? பிரஷரில் கொஞ்சம், சிறுநீரகத்தில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், அப்புறம் கொல்லைப்புறப் படி. இந்த நாலும் ஒரே மேஜையில் சேர்ந்தால்தான் அந்தப் பாட்டியின் வியாதி தெரியும். அந்த மேஜைதான் நம் துறை.

இன்னொரு ஆள். மளிகைக்கடை வைத்திருப்பவர், அவர் அப்பா காலத்திலிருந்து பழக்கம். 20 வருடத்தில் எனக்குத் தெரிந்து மூன்றே தடவைதான் தனக்காக வந்திருக்கிறார், அதில் ஒன்று நாய்க்கடி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் அள்ளுகிற நேரத்தில், மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு வந்து, ‘வாய்வு புடிச்சிருக்கு டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க’ என்றார். வலி மேல் வயிற்றில், ஒரு ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் போல இருக்கிறது என்றார். முன்பின் தெரியாத ஆள் இதைச் சொன்னால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் இவர் சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவை விட்டு எழுந்து வந்திருக்கிறார். இ.சி.ஜி. எடுத்தேன், மாரடைப்பு. ஆஸ்பிரின் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற கேத் லேப் உள்ள ஊருக்கு அனுப்பினேன். அடைப்பை எடுத்தது அங்கே இருந்த இதய டாக்டர், அவருடைய கைவேலைக்கு முன்னால் என் வேலை தூசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மனிதர் அவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், ஒரு மளிகைக்கடைக்காரரின் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேருடைய பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஜி.பி.யிடம் 15 வருடத்துக்கு மேல் பார்த்துவந்தவர்களை, ஒரு வருடம் மட்டுமே பழக்கம் உள்ளவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட பழக்கம் உள்ளவர்களுக்கு அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாய்ப்பும், இறந்துபோகிற வாய்ப்பும் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது. ஒரு புது மாத்திரை இந்த அளவுக்கு வேலை செய்தால் அதற்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் விருந்தே வைப்பார்கள். வருடக்கணக்கில் ஒரே ஆளைப் பார்ப்பதற்கு யார் விருந்து வைப்பார்கள்?

கனடாவில் குடும்ப மருத்துவத்தைத் துறையாக வளர்த்த இயன் மெக்வின்னி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: மற்ற துறைகள் ஓர் உறுப்போடோ, வியாதியோடோ, கருவியோடோ தங்களைக் கட்டிக்கொள்கின்றன, நாம் ஆளோடு கட்டிக்கொள்கிறோம். நம் ஜனங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஸ்பெஷலிஸ்டைப் ‘பெரிய டாக்டர்’ என்பார்கள், இருக்கட்டும், பெரியவர்தான். நம்மை ‘எங்க டாக்டர்’ என்பார்கள். அந்த ‘எங்க’ என்ற சொல் சான்றிதழோடு வருவதில்லை, அதுதான் உங்கள் இப்போதைய கஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒரு வார்டு மாறுகிற ஆளை யாரும் ‘எங்க’ என்று சொல்ல மாட்டார்கள்.

அதனால் செய்ய வேண்டிய முதல் காரியம், உங்களுக்கென்று சில குடும்பங்களைப் பிடித்துக்கொள்வது. எந்த வார்டில் போஸ்டிங் இருந்தாலும் வாரம் ஒரு மத்தியானம், ஒரே கிழமை, ஒரே அறை, உங்கள் ஓ.பி. என்று உங்கள் கைடிடம் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், குடும்ப மருத்துவப் படிப்பில் தொடர்ந்து பார்ப்பது என்பது பாடத்தின் ஒரு பகுதி என்று சொல்லியே கேளுங்கள். இப்போது எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கே முதல் வருடத்திலிருந்து கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்கச் சொல்லி விதி வந்திருக்கிறது, முதுநிலை படிக்கிற உங்களுக்கு ஒரு மத்தியானம் தர முடியாது என்றால் அதற்கு ஒரு காரணமாவது அவர்கள் சொல்லட்டும். கிடைக்கவே இல்லை என்றால், நீங்கள் டிஸ்சார்ஜ் எழுதுகிறவர்களில் 15 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒரு தடவை போனில் விசாரியுங்கள். தாத்தா ஏற்கெனவே ஒன்றாம் நம்பர், 14 பேரைப் பிடித்தால் போதும். அந்த நோட்டில் லேப் ரிசல்ட் மட்டும் எழுதாதீர்கள், யார் சமைக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், குழு லோன் எவ்வளவு கட்டுகிறார்கள், அதையும் எழுதுங்கள். உடம்பெல்லாம் வலி என்று ஒரு பெண் மாதாமாதம் வருகிற தேதியும் அந்த லோன் கட்டுகிற தேதியும் ஒன்றாக இருப்பதை நான் நாலாவது மாதத்தில்தான் கவனித்தேன், அதுவும் நோட்டு இருந்ததால்.

வார்டில் விருந்தாளியாக இருப்பதையும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம். கார்டியாலஜி போஸ்டிங்கில் ஆஞ்சியோ எப்படிச் செய்கிறார்கள் என்று பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. இந்த ஆள் இங்கே வருவதற்கு முந்தின பத்து நாள் என்ன செய்தார், முதலில் யாரிடம் காட்டினார், அங்கே என்ன தவறிப்போனது, இதைக் கேளுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டிவிட்டு, மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்பார்களே, அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. உட்கார்ந்து, எந்த மாத்திரை எதற்கு, எது நிறுத்தக் கூடாது, எது தீர்ந்தால் கவலையில்லை என்று சொல்லிக்கொடுங்கள். எந்தத் துறையும் அந்தப் பத்து நிமிடத்துக்குச் சண்டை போடாது. ஒரு மாதம் தொடர்ந்து செய்து பாருங்கள், அதே கன்சல்டன்ட் ‘இவருக்குக் கொஞ்சம் சொல்லி அனுப்புங்க’ என்று உங்களைத் தேடுவார். என் அனுபவம் இது. எல்லா இடத்திலும் நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து எட்டு வருடம் கிளினிக் நடத்திவிட்டு, 35 வயதில் டி.என்.பி. சேர்ந்தவன். சர்ஜரி தியேட்டரில் ஒருவர், என்னை விடச் சின்னவர், ‘அண்ணா நீங்க ஓரமா நில்லுங்க, உங்களுக்கு இது எதுக்கு’ என்றார். அண்ணா என்று சொல்லித்தான் சொன்னார், அதனால் இன்னும் வலித்தது. அன்று ராத்திரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று பஸ் நேரம் பார்த்தேன். என்னைக் காப்பாற்றியது எந்தத் தத்துவமும் இல்லை, என்னைப் போலவே வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் நின்றுகொண்டிருந்த நாலு பேர். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் உட்காருவோம். கேஸ் பிரசன்டேஷன் எல்லாம் கிடையாது. தூக்கத்தைக் கெடுத்த ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் வைத்தியம் சொல்லாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் லண்டனில் ஜி.பி.க்களை வாராவாரம் உட்காரவைத்து ஏறத்தாழ இதைத்தான் செய்தார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீங்களும் நாலு பேரைத் தேடுங்கள். இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி 2010-இலிருந்து இருக்கிறது, அதன் கூட்டத்துக்கு ஒரு தடவை போனால் போதும், உங்களை மாதிரியே புலம்புகிற இருபது பேரையாவது பார்ப்பீர்கள். அதுவே பாதி மருந்து.

லீவு கிடைக்கிறபோது, உங்கள் ஊர்ப் பக்கம் நல்ல பெயர் எடுத்த ஒரு பழைய டாக்டரிடம் இரண்டு வாரம் போய் உட்காருங்கள். கைராசிக்காரர் என்று ஊர் சொல்லுமே, அந்த மாதிரி ஆள். அவர் எல்லாருக்கும் ஸ்டீராய்டு ஊசி போடலாம், ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதலாம், லேப்காரர் மாதக் கடைசியில் கவர் கொண்டுவரலாம், அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அவர் ஒரு ஆளை வாசலில் பார்த்தவுடன் என்ன கேட்கிறார், எப்போது பேசாமல் இருக்கிறார், எதை ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று விடுகிறார், எதை அரை நிமிடத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார், அதைப் பாருங்கள். அந்த ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ இருக்கிறதே, அதைத் தைரியமாகச் சொல்லப் பழகுவதற்குத்தான் மூன்று வருடம். இன்றைக்குத் தெரியாதது நாளை மறுநாள் தெரியும் என்று, பயமில்லாமல், ஆனால் எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் ஓடி வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, ஒரு தாயை வீட்டுக்கு அனுப்புவது வார்டில் யாருக்கும் தேவைப்படாத வித்தை. அங்கே எல்லா டெஸ்டும் ராத்திரியே எடுத்துவிடலாம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாம் உங்கள் மனசில்தான் இருக்கிறது என்று முடித்தால் நான் அயோக்கியன். 2002 தேசிய சுகாதாரக் கொள்கையிலும் குடும்ப மருத்துவம் வந்தது, 2017 கொள்கையிலும் வந்தது, ஆனால் எத்தனை மருத்துவக் கல்லூரிகளில் அதற்கென்று ஒரு தனித் துறை இருக்கிறது? எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளை ஒரு குடும்ப மருத்துவப் பேராசிரியரையே பார்க்காமல் வெளியே வருகிறது. படித்து முடித்தவருக்குப் பல இடங்களில் அந்தப் பெயரில் பணியிடமே இல்லை, சாதாரண டியூட்டி டாக்டர் சம்பளத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். உங்களை ஆள் பற்றாக்குறைக்கு இட்டு நிரப்புகிறார்கள் என்றால் அது அநியாயம், எழுத்தில் கேளுங்கள், லாக் புக்கில் போட வேண்டிய போஸ்டிங் நாட்களை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தச் சங்கடத்தைத் தியானம் செய்து போக்க முடியாது.

நீட் பிஜி. எழுதலாமா என்றால், எழுதலாம், யாரும் தடுக்க முடியாது. சேர்ந்த இடத்தை நடுவில் விட்டால் என்ன விதி, எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் வேறு எதிலும் சேர முடியாது என்பதை மட்டும் முதலில் எழுத்தில் பார்த்துவிடுங்கள், வாட்ஸ்ஆப் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது உங்கள் மனசில் ஓடுவது என்ன? சி.டி. பிலிமில் பார்த்த ஒரு நிழல் ஓடிக்கொண்டே இருந்தால் ரேடியாலஜிக்குப் போங்கள், சந்தோஷமாகப் போங்கள், அந்த மாதிரி மூளை அங்கேதான் இருக்க வேண்டும். ஆரஞ்சு மூடி ஓடுகிறது என்றால் போகாதீர்கள். கல்யாண வீட்டில் பதில் சொல்ல முடியவில்லை என்பதற்காக மட்டும் இன்னொரு மூன்று வருடம் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாண வீடு என்றதும் உங்கள் மாமியார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவர் கையில் நீங்கள் ஒரு வாக்கியமும் கொடுக்கவில்லை. ‘குடும்ப மருத்துவத்தில் முதுநிலை’ என்று சொன்னால் பந்தியில் யாருக்குப் புரியும்? ‘பிறந்த குழந்தையிலிருந்து தாத்தா வரைக்கும் ஒரு வீட்டுக்கே ஒரே டாக்டர், அதுக்குத் தனியாப் படிக்கிறா’ என்று சொல்லச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அவர் அலமாரியில் இருக்கிற மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தேதி பாருங்கள். எந்த மாமியாருடைய டப்பாவிலும் இரண்டு காலாவதியான அட்டையும், ஒரே மருந்து இரண்டு பெயரிலும் கட்டாயம் இருக்கும். அப்புறம் அவர் பந்தியில் பேச்சை மாற்ற மாட்டார், நீங்கள் போதும் என்று நிறுத்த வேண்டியிருக்கும்.

வேறு டாக்டருக்கு நோயாளியை அனுப்பும்போது ‘ரெஃபர் டு கார்டியோ’ என்று ஒரு வரி கிறுக்காமல், ஒரு பக்கம் எழுதுங்கள், இந்த ஆளை எத்தனை நாளாகத் தெரியும், என்ன சந்தேகம், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. கீழே ‘குடும்ப மருத்துவர்’ என்று போட்டுக் கையெழுத்திடுங்கள். பயிற்சியில் இருப்பதால் ‘பயிற்சி’ என்பதையும் சேர்த்துத்தான் போட வேண்டும், அது முறை. முதல் பத்துக் கடிதம் எழுதும்போது அந்தச் சொல் வேறு யாருடைய பெயரோ மாதிரித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

அந்தத் தாத்தா விஷயத்தில் ஒன்று விட்டுப்போய்விட்டது. மூடி கலரை மாற்றியாயிற்று, சரி, அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்சுலின் பாட்டிலை ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவில், தண்ணீர் படாமல், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கச் சொல்லுங்கள், சித்திரை வெயில் வரப்போகிறது. மகள் வேலைக்குப் போகிறவர் என்றால் காலை ஊசியை யார் போடுகிறார்கள், தாத்தாவின் மனைவி போடுகிறார் என்றால் அவருக்குச் சிரிஞ்சில் கோடு தெரிகிற அளவுக்குக் கண் பார்வை இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.